ஐந்து நிமிடத்துக்குள் அறுக்கவும்

பொதியனுக்கு முகம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதுத்துறைக்கு வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது அதைத்தான். கண் எங்கே, வாய் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, ஐயா. மூன்று பேருந்துகளை ஒட்டிப் போட்ட நீளம். மேலே பலாப்பழத் தோல். தொடாத வரைக்கும் பிசைந்த மாவு மாதிரி தளதளவென்று கிடக்கும், தொட்டால் தொட்ட இடம் மட்டும் பலகையாகிவிடும். ஈட்டி இறங்காது. துளைக்கருவி வழுக்கும். மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். தன் குடலையே வெளியே கக்கிப் போட்டுவிட்டு அது பாட்டுக்கு நகர்ந்து போனது, அடுத்த மாதமே புதுக்குடல் முளைத்திருந்தது. இத்தனையும் போதாதென்று நூல் வேறு.

அந்த நூலால்தான் ஆட்கள் செத்தார்கள். தண்ணீருக்கடியில் எவனுக்காவது அடிபட்டு ரத்தம் கசிந்தால் போதும், எங்கிருந்தோ வந்துவிடும். தலைமுடியை விட மெல்லிய வெள்ளை நூல்களை ஆயிரக்கணக்கில் வீசி, ஆளை மூட்டையாகப் பொதிந்துவிடும். பெயரே அதனால் வந்ததுதான். இரண்டு வருடத்தில் நாலு பேர் போயிருந்தார்கள்.

புதுத்துறை என்பது முழுக்கக் கடலால் ஆன ஒரு நிலவு, ஊரே மிதவைகள் மேல்தான் இருக்கிறது. அதன் அடியில் கருங்காய் என்று ஒரு தாது உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. அள்ளுவதற்கு இயந்திரத்தை இறக்கலாமே என்பீர்கள். சேறு முழுக்கக் காந்தம், இறக்கிய இயந்திரம் ஒரே நாளில் செத்துவிடும். ஆகவே கம்பெனிக்காரர்கள் பூமியெல்லாம் தேடிக் கடைசியில் தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளிக்கிறவர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்தார்கள். அவர்களும் மாதா சுரூபம், கருவாடு, கோபம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மேகலை அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை. நாமக்கல்காரி, கால்நடை மருத்துவம் படித்தவள். பொதியனின் உடம்பை ஆராய்ந்து, 'தற்காப்பு முறைகளும் அவற்றை முறியடிக்கும் வழிகளும்' என்று ஒரு அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. மனிதர்களுக்கான மருத்துவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார், அவருக்குப் பதில் ஆள் வரவே இல்லை. காய்ச்சல், பிரசவம், பல்வலி எல்லாம் இவள் தலையில் விழுந்தது. "மாட்டு டாக்டரம்மா, எனக்குக் கொம்பு சீவணும்" என்று வந்து நிற்பார்கள். அப்படிக் கேலி பேச வந்தவர்களில் ஒருவன் ஜெரோம். கேலி முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக நின்று தாலி எடுத்துக் கொடுத்தவர் ஜெரோமின் படகை நடத்துகிற சம்மாட்டி இஞ்ஞாசி. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை டாக்டரம்மா என்பார்.

தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீருக்குள் வலை சுற்றியவனைக் கண்டால் முதலில் கத்தியை எடு, மற்றதெல்லாம் பிறகு. எல்லார் தொடையிலும் கத்தி இருக்கும். குளிக்க இறங்குமுன் சிலுவை போடுகிற கை அப்படியே கீழே இறங்கிக் கத்தியையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ஓயும். முதல் ஆளைப் பொதியன் பொதிந்தபோதும் அப்படித்தான் பாய்ந்து போய் அறுத்து எடுத்தார்கள், இருபது நிமிடம் ஆயிற்று. ஆள் செத்திருந்தான். மேகலை உடலைத் திறந்து பார்த்தாள். நுரையீரலில் தண்ணீர் இல்லை, எலும்பு முறியவில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. நூல் இறுக்கி மூச்சு முட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். கைப்பட மூன்று தாள் எழுதி, கையெழுத்துப் போட்டு, நனையாமல் உறையிட்டு மூன்று படகிலும் குளிப்பவர்களுக்குக் குழாயில் காற்று இறக்குகிற பம்புக்கு மேலே ஒட்டவைத்தாள்: 'பொதியப்பட்டவரை ஐந்து நிமிடத்துக்குள் அறுத்து எடுக்கவும்.'

அடுத்தவனை எட்டு நிமிடத்தில் எடுத்தார்கள். அதற்கடுத்தவனை ஐந்தில். நாலாவது ஆள் இஞ்ஞாசியின் கூடப்பிறந்த தம்பி தொம்மை. அண்ணனே குதித்து, நாலே நிமிடத்தில் அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தார். தொம்மையும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மேகலை நினைத்தது ஒன்றே ஒன்று: இன்னும் கொஞ்சம் சீக்கிரம் அறுத்திருக்கலாம். படித்த புத்தி சில நேரம் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றும்.

தொம்மை போய் எட்டு மாதம் கழித்து, தண்ணீரில் மிதந்து வந்த ஒரு சின்ன மூட்டையைப் படகுக்காரர்கள் முட்டை என்று நினைத்து எடுத்து வந்து கொடுத்தார்கள். உள்ளே இருந்தது பொதியன் குட்டி. ஏதோ கடித்து விலாப் பக்கம் கிழிந்திருந்தது. மேகலை அதைத் தொட்டியில் போட்டுப் பதினோரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குட்டியின் இதயம் நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தது. கிழிந்த சதை கண்ணெதிரே மெல்ல மெல்லக் கூடிவந்தது. சோதனைக்கு வேண்டுமே என்று கத்தரிக்கோலை எடுத்து ஒரே ஒரு நூலை நறுக்கினாள். மூட்டை முழுவதும் ஒருதரம் சுருங்கியது. குட்டி செத்துப்போனது.

கத்தரிக்கோல் இன்னும் அவள் கையில் இருந்தது. நாலு பேரின் முகமும் வரிசையாக வந்தது. கடைசியாகத் தொம்மை வந்தான், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இஞ்ஞாசி வந்தார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னொரு மூட்டை கிடைக்கட்டும், இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சோதனையாவது கீதனையாவது, பயம். ஒரு மனிதனிடம் போய், உன் தம்பியை நீதான் கொன்றாய் என்று எந்த வாயால் சொல்வது? எட்டு மாதமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இந்த இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது? இப்படியே மூன்று நாள் ஓடியது. மூன்று நாளும் படகுகள் போய் வந்துகொண்டுதான் இருந்தன.

மூன்றாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, சோதனைக்குக் கடல்தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி இஞ்ஞாசியின் படகிலேயே ஏறிவிட்டாள். புதுத்துறையின் பகல் நாற்பது மணி நேரம், அப்போதுதான் விடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இஞ்ஞாசி அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொடுத்து, ஜெரோம் இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று விசாரித்தார். அவர் தலைக்கு மேலே பம்புக்குப் பக்கத்தில் அவளுடைய தாள் இருந்தது. காப்பி ஆறிப்போனது, பேச்சு வரவில்லை. ஜெரோம் அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இறங்கினான்.

அரை மணி நேரத்தில் அவனுடைய கயிறு தாறுமாறாக ஆடியது. பாறை கையைக் கிழித்திருக்க வேண்டும். சமிக்ஞைக் கயிற்றில் மூன்று இழுப்பு வந்தால் ஆபத்து, வந்தது ஒன்றரைதான். அதோடு கயிறு அசைவற்றுப் போனது. கூடக் குளித்துக்கொண்டிருந்த சேவியர் மேலே வந்து, மூச்சிரைக்க, பொதிந்துவிட்டது என்றான். குளிப்பவர்கள் நெஞ்சில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள், நாடி படகில் இருக்கிற திரையில் தெரியும். எழுபத்தைந்து இருந்தது. அறுபது ஆயிற்று. ஐம்பது ஆயிற்று.

இஞ்ஞாசி முகக்கவசத்தை மாட்டிக் கத்தியை உருவிவிட்டார். மேகலை ஏணிக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அறுக்காதீங்கண்ணாச்சி."

"வழிய விடுங்க டாக்டரம்மா. ரெண்டு நிமிசமாச்சு."

"நூலு கொல்றதில்லீங்க. அதை அறுக்கறதுதான் கொல்லுது. விட்டா பொழைச்சுக்குவாரு."

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து, அவர் மென்மையாகத்தான் அவள் தோளைப் பிடித்து நகர்த்தினார். புருசன் அடியில் கிடக்கும்போது பெண்பிள்ளை வேறு எப்படிப் பேசும்? அந்த மென்மை அவளை வெட்டிப் போட்டது. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி ஒண்ணைத் தொட்டியில வெச்சிருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒத்த நூலை நறுக்கினேன், அந்த நிமிஷமே செத்துப்போச்சுங்க. இதுவரைக்கும் நாம யாரையும் அறுக்காம விட்டதே இல்லீங்களே, அண்ணாச்சி. நாலு பேரையும் அறுத்தோம். நாலு பேரும் போயிட்டாங்க."

இஞ்ஞாசி திரையைத் திரும்பிப் பார்த்தார். திரையில் முப்பத்தொன்று.

"தொம்மையவும் சேத்தா சொல்லுதீங்க?"

"ஆமாங்க."

"ஒங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"மூணு நாளாச்சுங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அதுவரை அவளை அவர் ஒருமையில் பேசியதே இல்லை.

"மூணு நாளு. எங்க பயலுவ எல்லாரும் மூணு நாளா இறங்கிக்கிட்டுத்தான் இருந்தானுவ. ஒன் மாப்பிள்ளைக்கு வந்த பொறவுதான் ஒனக்கு வாய் தொறக்குது."

உண்மைதானே. மேகலை தலையைக் குனிந்துகொண்டாள், பிடித்த கையை மட்டும் விடவில்லை. சேவியர் கத்தியோடு ஏணியை நெருங்கினான். நாடி இருபதுக்குக் கீழே போய்விட்டது, சாகிறான் என்று கத்தினான். இஞ்ஞாசி சட்டென்று திரும்பி ஏணி வாயிலில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னத் தாண்டிப் போறவன் போலாம்," என்றார். யாரும் போகவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. காற்றுப் பம்பு நிற்காமல் ஓட வேண்டும், முறை வைத்து ஆட்கள் அதன் பக்கத்திலேயே இருந்தார்கள். நாடி பத்து, ஆறு, மூன்று என்று இறங்கி, ஒன்றில் வந்து நின்றது. நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. திரையில் ஒரு கோடு துள்ளும், பிறகு தட்டையாக ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும். இனி வராது என்று மேகலை எழுந்துவிடும்போது இன்னொன்று துள்ளும். குட்டிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்கும் என்று யார் அவளுக்கு உறுதி கொடுத்தது? ஒருவரும் இல்லை. ஒரு குட்டியை நம்பித் தன் புருசனைக் கடலுக்கடியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணி நேரம் இஞ்ஞாசி ஏணி வாயிலை விட்டு எழவில்லை. பிறகு, மேகலையின் முகத்தைப் பார்க்காமலே, அந்தச் சனியன் எதற்காக மனிதனைப் பொதிகிறது என்று கேட்டார்.

"அதுக்குக் கண்ணில்லீங்க. நம்ம ரத்தத்துலயும் இரும்பு, அதோட குட்டி ரத்தத்துலயும் இரும்பு. தண்ணியில ரத்தம் கலந்தா, பிள்ளைக்கு அடிபட்டிருச்சுன்னு ஓடி வருது. பொதிஞ்சு, தூங்கவெச்சு, காயத்தை ஆத்துது. குட்டியோட நூலைச் சோதிச்சுப் பாத்தேன், உள்ள மருந்து ஓடுதுங்க, சொட்டுச் சொட்டா, குளுக்கோஸ் ஏத்தற மாதிரி."

"பொறவு அறுத்தா ஏன் சாவணும்?"

"மூட்டையை வேற ஏதாச்சும் கடிச்சா, இருக்கற மருந்து அத்தனையும் ஒரே மூச்சுல உள்ள பாஞ்சிருது. அவ்வளவும் சேர்ந்தா விஷம். குட்டி போயிரும், ஆனா அதைத் தின்ன மிருகமும் செத்துப்போகும். அடுத்த குட்டிகிட்ட அது போக முடியாதில்லீங்களா, அதுக்குத்தான். கத்திக்கும் பல்லுக்கும் வித்தியாசம் நூலுக்குத் தெரியாதுங்க."

இஞ்ஞாசி குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். பெற்ற குட்டியையே பொறியாக வைக்கிற அந்தத் தாயை அவர் எப்படி நினைத்தாரோ. பிறகு கேட்ட கேள்வி வேறு.

"நான் அறுக்கும்போது தொம்மைக்கு நாடி எத்தன இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மூன்று நாள் வாயை மூடியிருந்தது போதும் என்று தோன்றியது.

"இருபத்தாறுங்க."

"இவனுக்கு ஒண்ணு," என்றார் இஞ்ஞாசி. "அவனுக்கு இருபத்தாறு இருந்திருக்கு." கடல்தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார், மறுபடியும் அள்ளி அடித்துக்கொண்டார். அழுதார். சேவியர் எழுந்து போய்ப் பம்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

பத்தொன்பதாவது மணி நேரத்தில் திரையில் இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வந்தது. பிறகு ஐந்து. பிறகு பதினாறு. கீழே நூலெல்லாம் சர்க்கரை போலத் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்ததாகச் சேவியர் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பொதியன் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது, ஒருவேளை இது தன் பிள்ளை இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. சமிக்ஞைக் கயிறு இரண்டு முறை இழுத்தது. தூக்கு என்று அர்த்தம். ஜெரோமைத் தூக்கிப் போட்டார்கள். உள்ளங்கையில் கிழிசல் இருந்த இடத்தில் வெளிறிய கோடு மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்தவன் முதலில் கேட்டது சோறு. மேகலை அவனைக் கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தபோது, இஞ்ஞாசி தலைமாட்டில் நின்று ஜெரோமின் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டு, படகின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

மறுநாளே செய்தி ஊரெல்லாம் பரவியது. மாதா கோவில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். இஞ்ஞாசி எழுந்து நின்று, வலை சுற்றினால் அறுக்க வேண்டும் என்பது நம் அப்பன் காலத்துப் பழக்கம், இந்தக் கடலுக்கு அது ஒத்துவரவில்லை, இனிமேல் எவனும் கத்தி எடுக்கக் கூடாது என்றார். தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் மேகலையைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து மூன்று தாளையும் எடுத்து மேசையில் வைத்தார். மூன்று படகிலும் கிழித்து எடுத்தது.

"பயலுவளுக்கு இது ஞாபகம் வந்தா ஒங்க மேல பாய்வானுவ. பழக்கம்னே இருந்துட்டுப் போவட்டும். வச்சுக்கிடுங்க, இல்ல எரிச்சுப் போடுங்க."

"நான் எழுதினதைத்தானுங்க நீங்க செஞ்சீங்க."

"இது இல்லாட்டியும் அறுத்திருப்பேன்." வாசல் வரைக்கும் போய் நின்றார். "நாலு நிமிசத்துல அறுத்திருப்பேனான்னுதான் தெரியல."

அவர் போன பிறகு மேகலை எரிக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கக்கூடச் செய்தாள். யாருக்கும் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார். புருசன் உயிரோடு இருக்கிறான், ஊர் கும்பிடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் தொம்மையின் மனைவி ரெஜினா கேட்டால் இஞ்ஞாசி என்ன சொல்வார்? நான்தான் கொன்றேன் என்பார். அதோடு அந்தக் குடும்பம் முடிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரெஜினா பொதுச் சமையற்கூடத்தில் வேலை செய்பவள். அப்போதுதான் சோறு வடித்து முடித்திருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மேகலை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், தாளில் ஒன்றை நீட்டி, இது என் கையெழுத்து என்றாள். ரெஜினா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கீங்க," என்றாள். "அத்தான் நாலுலயே அறுத்துட்டாக. தம்பி மேல அம்புட்டுப் பிரியம்."

மேகலை மன்னிப்பு என்று எதையோ ஆரம்பித்தாள். ரெஜினா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அதெல்லாம் இப்ப என்கிட்ட கேக்காதீங்க. என்னால முடியாது. எப்பவாச்சும் முடியுமான்னும் தெரியாது." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "புதுசா ஒண்ணு எழுதுங்க. அறுக்கக் கூடாதுன்னு. இதே மாதிரி கையெழுத்துப் போடுங்க."

மேகலை அங்கேயே, அரிசி மூட்டை மேல் வைத்து எழுதினாள். 'பொதியப்பட்டவரை அறுக்கக் கூடாது. நாடி ஒன்றுக்கு இறங்கினாலும் காத்திருக்கவும். பத்தொன்பது மணி நேரம்.' கையெழுத்துப் போட்டாள். மூன்று தாள் எழுதி முடித்து, பழையவற்றைக் கசக்கப் போனாள்.

"அதக் கசக்காதீங்க," என்றாள் ரெஜினா. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டணும். நாளைக்கு வாறவன் படிச்சுட்டு, எந்த டாக்டரு எழுதியிருந்தாலும் ஒரு தடவ யோசிப்பான்லா."

பசைக்கு என்ன செய்வது என்று மேகலை கேட்டாள். ரெஜினா பானையிலிருந்து ஒரு கை சோறு எடுத்து, கிண்ணத்தில் போட்டுப் பிசைந்துகொண்டே, படகுத்துறைக்குப் போக முன்னால் நடந்தாள்.